நீண்ட தொலைக்காட்சி நேர்காணல்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இதழியல் மாணவர்களுக்குப் பழைய தொலைக்காட்சி நேர்காணல்களைத் திரையிட்டுக் காட்டுவது என் வழக்கம். மாணவர்கள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. குடும்பத்தாரும் நண்பர்களும் கேட்பவையும் ஏறக்குறைய அவையே. அவற்றை அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்து, என் பதில்களையும் எழுதியிருக்கிறேன். எடுத்துக்காட்டுகளில் பெரும்பாலானவை பிரிட்டன், அமெரிக்கா, ஜெர்மனி, பிரான்ஸ் ஆகிய நாடுகளைச் சேர்ந்தவை. இந்தக் கலை அங்கேதான் முதலில் வளர்ந்தது.

இரண்டு பேர் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேசுகிறார்கள். இதில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?

முகம் இருக்கிறது. அச்சில் வரும் பேட்டியில் ஒருவர் சொன்ன சொற்கள் மட்டுமே நமக்குக் கிடைக்கின்றன. சொல்வதற்கு முன் அவர் எவ்வளவு நேரம் யோசித்தார், எந்தக் கேள்விக்குக் கண்ணைத் தாழ்த்தினார், எந்த இடத்தில் சிரித்துச் சமாளித்தார் என்பதெல்லாம் அச்சுக்கு வருவதில்லை. தொலைக்காட்சியில் அந்த மௌனமும் பதிலின் பகுதியாகிவிடுகிறது.

நான் இங்கே பேசுவது அரை மணி நேரமோ அதற்கு மேலோ, ஒரே ஒருவரிடம், ஆயத்தத்தோடு நடத்தப்படும் நேர்காணலைப் பற்றி. விமான நிலைய வாசலில் ஒலிவாங்கியை நீட்டி வாங்கும் இரண்டு வரிக் கருத்து இதில் சேராது.

நம் சேனல்களில் தினமும் இரவு விவாதம் நடக்கிறதே, அதுவும் இதுவும் ஒன்றுதானே?

இல்லை. விவாத நிகழ்ச்சியில் நான்கைந்து பேர் இருப்பார்கள். ஒருவர் பதில் சொல்ல முடியாமல் திணறும் நேரத்தில் இன்னொருவர் குறுக்கே புகுந்து அவரைக் காப்பாற்றிவிடுவார். அவர் வேண்டுமென்று காப்பாற்றுவதில்லை, ஆனால் விளைவு அதுதான். நெறியாளரின் கவனம் முழுவதும் நேரத்தைப் பங்கிட்டுக் கொடுப்பதிலேயே போய்விடுகிறது.

தனி நேர்காணலில் ஒளிந்துகொள்ள இடமில்லை. கேள்வி வந்தால் அந்த ஒருவர்தான் பதில் சொல்ல வேண்டும். பதில் போதவில்லை என்றால் அடுத்த கேள்வியும் அவருக்கே வரும். இந்த ‘அடுத்த கேள்வி’யைக் கொஞ்சம் நினைவில் வைத்திருங்கள். கீழே பல பதில்களில் அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன். ஒரு நேர்காணலின் உயிர் முதல் கேள்வியில் இல்லை, பதிலைக் கேட்டபின் எழும் இரண்டாவது கேள்வியில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

ஆரம்பத்திலிருந்தே தலைவர்களை இப்படித்தான் குடைந்து கேட்டார்களா?

அப்படி இல்லை. 1951 தேர்தலுக்கு முன் பிரிட்டன் பிரதமர் கிளமென்ட் அட்லியிடம் படக்கருவி முன் நடந்த உரையாடலைப் பார்த்தால் இன்றைய இளைஞர்கள் நம்ப மாட்டார்கள். தேர்தலைப் பற்றி ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்று பணிவாகக் கேட்கிறார்கள். ஒன்றிரண்டு வரிகளில் பதில் வருகிறது. வேறு ஏதாவது உண்டா என்றால், இல்லை என்கிறார். அவ்வளவுதான். நாடாளுமன்றத்தில் அடுத்த 14 நாள்களுக்குள் விவாதத்துக்கு வரப்போகும் எதையும் வானொலியிலோ தொலைக்காட்சியிலோ பேசக்கூடாது என்றுகூட அங்கே ஒரு விதி இருந்தது. எகிப்துடன் பிரிட்டன் போரிட்ட 1956 சூயஸ் நெருக்கடியின்போது அது நகைப்புக்கிடமாகி, கைவிடப்பட்டது.

1955-இல் பிபிசிக்குப் போட்டியாக வணிகத் தொலைக்காட்சி வந்தது. அதன் செய்திப் பிரிவான ஐடிஎன்னில் சேர்ந்த ராபின் டே, வழக்கறிஞராகப் பயின்றவர். 1957-இல் கெய்ரோவுக்குப் போய், பிரிட்டன் அப்போதுதான் போரிட்டிருந்த எகிப்தின் அதிபர் நாசரையே நேரில் கேள்வி கேட்டார். அடுத்த ஆண்டு பிரதமர் ஹெரால்ட் மேக்மில்லனை அமரவைத்து, அவருடைய வெளியுறவு அமைச்சரை மாற்றப்போகிறாரா என்று கேட்டார். ஒரு பிரதமரிடம் அப்படிக் கேட்கலாமா என்று பத்திரிகைகளில் சர்ச்சை எழுந்தது. இன்று மிகச் சாதாரணமாகத் தெரியும் அந்தக் கேள்வியிலிருந்துதான் மற்றதெல்லாம் தொடங்கியது.

பழைய பிபிசி பேட்டி ஒன்றில் கேள்வி கேட்பவரின் முகமே தெரியவில்லை. படப்பிடிப்புக் கோளாறா?

நீங்கள் பார்த்தது ‘ஃபேஸ் டு ஃபேஸ்’ நிகழ்ச்சியாக இருக்கும். 1959 முதல் 1962 வரை வந்தது. கேள்வி கேட்டவர் ஜான் ஃப்ரீமன். அவருடைய முதுகும் பிடரியும் சிகரெட் புகையும் மட்டும் எப்போதாவது தெரியும். மற்ற நேரமெல்லாம் விருந்தினரின் முகம் திரையை நிறைத்திருக்கும். திட்டமிட்டே அப்படி எடுத்தார்கள். பார்வையாளர் ஃப்ரீமனின் நாற்காலியில் தானே உட்கார்ந்திருப்பதுபோல் உணர வேண்டும் என்பது நோக்கம்.

சுவிட்சர்லாந்தில் தம் வீட்டில் அமர்ந்து பேசிய உளவியலறிஞர் கார்ல் யுங், தத்துவவாதி பெர்ட்ரண்ட் ரஸ்ஸல், அமெரிக்கக் கறுப்பின உரிமைப் போராளி மார்ட்டின் லூதர் கிங் என்று பலரும் ஃப்ரீமனுக்கு எதிரே அமர்ந்தார்கள். கடவுளை நம்புகிறீர்களா என்று ஃப்ரீமன் கேட்டபோது, தமக்கு நம்பத் தேவையில்லை, தமக்குத் தெரியும் என்று யுங் சொன்னது இன்றும் விவாதிக்கப்படுகிறது. ஃப்ரீமன் பிறகு தொலைக்காட்சியை விட்டு விலகி, 1965 முதல் மூன்று ஆண்டுகள் டெல்லியில் பிரிட்டன் தூதராக இருந்தார்.

ஜெர்மனியில் குந்தர் காவுஸ் 1963-இல் தொடங்கிய நிகழ்ச்சியிலும் இதே முறைதான். 1964 அக்டோபரில் ஒளிபரப்பான, அரசியல் சிந்தனையாளர் ஹன்னா ஆரெண்ட்டுடன் அவர் நடத்திய உரையாடலை நான் பார்த்தவற்றிலேயே சிறந்தது என்பேன். தத்துவவாதிகள் நடுவே ஒரு பெண்ணாக இருப்பதைப் பற்றி காவுஸ் தொடங்கியதுமே, தாம் தத்துவவாதி அல்ல, தம் துறை அரசியல் கோட்பாடு என்று ஆரெண்ட் மறுக்கிறார். காவுஸ் சினம் கொள்ளவும் இல்லை, விட்டுக்கொடுக்கவும் இல்லை. அந்த மறுப்பையே பிடித்துக்கொண்டு உள்ளே போகிறார். நாஜி அதிகாரி ஐக்மனின் விசாரணைப் பதிவு 3,600 பக்கங்களையும் படித்தபோது பல இடங்களில் வாய்விட்டுச் சிரித்ததாக ஆரெண்ட் சொல்லும் இடம் வரும். எழுத்தில் அந்த வரி கொடூரமாகத் தோன்றும். அதைச் சொல்லும் முகத்தைப் பார்த்தால் அவர் என்ன பொருளில் சொல்கிறார் என்பது விளங்கிவிடும்.

விருந்தினரை அழவைப்பது சரியா?

இந்தக் கேள்வி ஃப்ரீமனையே துரத்திய கேள்வி. 1960-இல் கில்பர்ட் ஹார்டிங் என்ற புகழ்பெற்ற தொலைக்காட்சிப் பிரமுகரிடம், மரணத்தை அருகிலிருந்து பார்த்ததுண்டா என்று கேட்டார். ஹார்டிங்கின் கண்கள் கலங்கின, குரல் உடைந்தது. தாயின் மரணத்தை அவர் பார்த்திருந்தார். அதே ஆண்டு நவம்பரில் ஹார்டிங்கும் இறந்துவிட்டதால், அந்தப் பேட்டி பலருக்கு நெஞ்சில் முள்ளாகத் தைத்தது.

என் கருத்து இது. தெரியாமல் தொட்ட இடத்தில் வலி இருந்தால் அதில் குற்றமில்லை. வலிக்கும் என்று தெரிந்தே, கண்ணீர் வரும் வரை கேமராவை நெருக்கிக்கொண்டு காத்திருப்பது குற்றம். இன்று பல நிகழ்ச்சிகள் இரண்டாவதைத்தான் செய்கின்றன. பின்னணி இசை ஒலிக்கத் தொடங்கினாலே நான் அந்த நிகழ்ச்சியைப் பார்ப்பதை நிறுத்திவிடுவேன்.

கேள்விகளை முன்னாலேயே எழுதிக் கொடுத்துவிடுவார்களாமே?

நல்ல நிறுவனங்கள் எதைப் பற்றிப் பேசப்போகிறோம் என்று தலைப்புகளைச் சொல்லும், கேள்விகளைக் கொடுக்காது. ஆனால் சில இடங்களில் கொடுத்தால்தான் கதவு திறக்கும். 1979 நவம்பரில், ஈரானின் தெஹ்ரானில் மாணவர்கள் அமெரிக்கத் தூதரகத்தைக் கைப்பற்றி ஊழியர்களைப் பிணைக்கைதிகளாக வைத்திருந்த நேரத்தில், சிபிஎஸ் தொலைக்காட்சியின் மைக் வாலஸ் கோம் நகரில் ஈரானின் தலைவர் அயத்துல்லா கொமேனியைச் சந்தித்தார். கேள்விகளை முன்கூட்டியே ஒப்படைத்துத்தான் உள்ளே போனார். பட்டியலில் இல்லாத ஒன்றை அங்கே கேட்டார்: எகிப்து அதிபர் சதாத் உங்களைப் பைத்தியக்காரர் என்று சொல்லியிருக்கிறாரே, என்ன சொல்கிறீர்கள்? மொழிபெயர்ப்பாளர் அதை மொழிபெயர்க்கவே தயங்கினார். கொமேனி முகம் மாறாமல் பதில் சொன்னார். பட்டியலுக்கு உட்பட்ட பதில்கள் மறக்கப்பட்டுவிட்டன, இந்த ஒன்று மட்டும் நிற்கிறது.

1997-இல் சிஎன்என் தொலைக்காட்சிக்கு ஒசாமா பின் லேடன் அளித்த பேட்டியிலும் கேள்விகள் முன்பே போயின. ஆனால் அங்கே பதிலைத் தொடர்ந்து கேட்கும் துணைக்கேள்விக்கு வழியே இருக்கவில்லை. அதனால் அது அறிக்கை வாசிப்பைப் போலவே முடிந்தது. 2003-இல் ஈராக் போருக்குச் சில வாரங்களுக்கு முன் அமெரிக்கச் செய்தியாளர் டான் ராதர் ஈராக் அதிபர் சதாம் உசேனைச் சந்தித்தபோது கேமராக்கள்கூட ஈராக் அரசுடையவை. ஒரு பேட்டியைப் பார்க்கும்போது அது எந்த நிபந்தனைகளின் கீழ் எடுக்கப்பட்டது என்பதை நிகழ்ச்சியே சொல்கிறதா என்று கவனியுங்கள். சொல்லாமல் மறைத்தால் அந்த நிகழ்ச்சியை நம்ப வேண்டாம்.

ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்ட அந்தப் பிரிட்டிஷ்காரர் யார்? அது நாடகம்தானே?

ஜெரமி பாக்ஸ்மன். 1997 மே மாதம், பிபிசியின் ‘நியூஸ்நைட்’ நிகழ்ச்சி. எதிரே இருந்தவர் உள்துறை அமைச்சராக இருந்து அப்போதுதான் பதவி இழந்திருந்த மைக்கேல் ஹோவர்ட். சிறைத்துறைத் தலைவர் ஒரு சிறை அதிகாரியை இடைநீக்கம் செய்ய மறுத்தபோது, அவருடைய முடிவை மீறி நானே உத்தரவிடுவேன் என்று மிரட்டினீர்களா என்பதே கேள்வி. ஆம் அல்லது இல்லை என்று பதில் சொல்ல வேண்டியது. ஹோவர்ட் சுற்றி வளைக்க, பாக்ஸ்மன் அதே கேள்வியை ஏறத்தாழ ஒரு டஜன் முறை கேட்டார்.

நாடகமா என்றால், பாதி தற்செயல். அடுத்து ஒளிபரப்ப வேண்டிய பகுதி தயாராகாததால் நேரத்தை ஓட்ட வேண்டியிருந்தது என்று பாக்ஸ்மன் பின்னாளில் சொன்னார். ஆனாலும் அந்தக் கேள்வி நியாயமானது, பதிலும் வரவில்லை. எனக்கு வருத்தம் தருவது அதன் பின்விளைவு. திரும்பத் திரும்பக் கேட்பதே வீரம் என்று எடுத்துக்கொண்ட ஒரு தலைமுறை உருவாகிவிட்டது. ஆம், இல்லை என்று பதில் சொல்ல முடியாத கேள்வியையும் அப்படிக் கேட்கிறார்கள்.

அப்படியானால் கடுமையாகக் கேட்பவர்தான் சிறந்த நேர்காணல் செய்பவர் என்று சொல்ல முடியாதா?

முடியாது. குரலை உயர்த்தினால் விருந்தினருக்கு அனுதாபம்தான் கிடைக்கும். 1989 அக்டோபரில் பிரிட்டன் நிதியமைச்சர் நைஜல் லாசன் பதவி விலகினார். பிரதமர் மார்கரெட் தாட்சரின் பொருளாதார ஆலோசகர் ஆலன் வால்டர்ஸ்தான் சிக்கல். அந்த வார இறுதியில் பிரையன் வால்டன் தாட்சரைப் பேட்டி கண்டார். முன்பு தொழிற்கட்சி எம்.பி.யாக இருந்தவர், தாட்சரை மதித்தவர், இனிமையாகப் பேசக்கூடியவர். அதே இனிமையோடு ஒரே இடத்துக்கு வந்தார்: வால்டர்ஸை நீக்கியிருந்தால் லாசன் இருந்திருப்பார் என்பது உங்களுக்குத் தெரியுமா? எல்லாவற்றுக்கும் விடை வைத்திருக்கும் தாட்சர் தமக்குத் தெரியாது என்று சொல்ல வேண்டிய நிலைக்கு வந்தார். கூச்சல் இல்லை, அவமதிப்பு இல்லை. அடுத்த ஆண்டு அவர் பதவி இழந்தபோது பலரும் இந்தப் பேட்டியை நினைவுகூர்ந்தார்கள்.

வால்டன் வளர்ந்தது லண்டன் வீக்கெண்ட் தொலைக்காட்சியில். அங்கே ஜான் பர்ட் என்ற தயாரிப்பாளர் ஒரு முறையை வகுத்திருந்தார். முக்கியக் கேள்வியை எழுதுவார்கள். அதற்கு விருந்தினர் சொல்லக்கூடிய எல்லாப் பதில்களையும் எழுதுவார்கள். ஒவ்வொரு பதிலுக்கும் அடுத்து என்ன கேட்பது என்று எழுதுவார்கள். சதுரங்க ஆட்டக்காரர் நாலு நகர்த்தல் முன்னால் யோசிப்பதைப் போன்றது அது. பேட்டி நாளில் விருந்தினர் எந்தக் கிளையில் ஏறினாலும் அங்கே ஒரு கேள்வி காத்திருக்கும்.

இதற்கு நேர்மாறான காட்சியும் உண்டு. 2007 நவம்பரில் அல் ஜசீராவில் பிரிட்டனின் மூத்த தொலைக்காட்சியாளர் டேவிட் ஃபிராஸ்ட்டிடம் பேசிக்கொண்டிருந்த பாகிஸ்தான் முன்னாள் பிரதமர் பேநசீர் பூட்டோ, போகிறபோக்கில் ஒருவரை ஒசாமா பின் லேடனைக் கொன்றவர் என்று குறிப்பிட்டார். வேறொரு பெயரைச் சொல்ல வந்து நாக்கு புரண்டது என்பதே பெரும்பாலோர் கருத்து. ஆனால் எதிரே இருந்த அனுபவசாலி, என்ன சொன்னீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுத்த மாதம் பூட்டோ கொல்லப்பட்டார். கேட்கப்படாத அந்த ஒரு கேள்வியால் இன்றுவரை வதந்திகள் உலவுகின்றன.

நிக்சன் பேட்டிக்குப் பணம் கொடுத்தார்களாமே? காசு கொடுத்து வாங்கியதை எப்படி நம்புவது?

கொடுத்தார்கள். முன்னாள் அமெரிக்க அதிபர் நிக்சனுக்கு 6,00,000 டாலர், அதோடு லாபத்தில் பங்கு. காசு கொடுத்துச் செய்தி வாங்குவது என்று அமெரிக்காவின் பெரிய தொலைக்காட்சி நிறுவனங்கள் ஒதுங்கிக்கொண்டன. டேவிட் ஃபிராஸ்ட் தாமே பணம் திரட்டி, தனித்தனி நிலையங்களைச் சேர்த்து 1977 மே மாதம் ஒளிபரப்பினார். நிக்சனைப் பதவியிலிருந்து இறக்கிய வாட்டர்கேட் முறைகேடு பற்றிய முதல் பகுதியை 4.5 கோடிப் பேர் பார்த்தார்கள்.

நியாயமான ஐயம்தான். ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். 1974-இல் பதவி விலகிய நிக்சனுக்கு அடுத்த மாதமே அதிபர் ஃபோர்டு பொதுமன்னிப்பு அளித்துவிட்டார். இனி வாட்டர்கேட்டுக்காக அவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தி விசாரிக்க முடியாது. அந்த நாற்காலி மட்டுமே மிச்சமிருந்த விசாரணைக் கூண்டு. பணம் கொடுத்தாலும் கேள்விகள் மீது நிக்சனுக்கு அதிகாரம் தரப்படவில்லை. 12 நாள்களில் 28 மணி நேரத்துக்கு மேல் பதிவு செய்தார்கள்.

ஃபிராஸ்ட் கேளிக்கை நிகழ்ச்சி நடத்துபவர் என்று நிக்சன் தரப்பு எளிதாக நினைத்தது. அவர் பின்னால் ஓர் ஆய்வுக் குழு இருந்தது. மேலே சொன்ன ஜான் பர்ட்டும் அதில் ஒருவர். குழுவைச் சேர்ந்த ஜேம்ஸ் ரெஸ்டன் நீதிமன்ற ஆவணங்களைத் துருவி, நிக்சன் தம் உதவியாளர் சார்ல்ஸ் கோல்சனுடன் பேசிய, அதுவரை யாரும் கவனிக்காத பதிவுகளின் எழுத்துப் படிகளைக் கண்டெடுத்தார். அவற்றை ஃபிராஸ்ட் வாசிக்கத் தொடங்கியதும் நிக்சனின் முகம் மாறியதைப் பார்க்கலாம். அதிபர் செய்தால் அது சட்டவிரோதம் ஆகாது என்ற புகழ்பெற்ற வாசகம் இந்தப் பேட்டிகளில்தான் வந்தது. அமெரிக்க மக்களைத் தாம் ஏமாற்றமடையச் செய்துவிட்டதாகச் சொன்னதும் இங்கேதான்.

அந்தப் பேட்டியைப் பற்றிய படத்தில் நிக்சன் இரவில் ஃபிராஸ்ட்டுக்குத் தொலைபேசியில் பேசுகிறாரே, அது நடந்ததா?

நடக்கவில்லை. கதைக்காகச் சேர்த்தது. படத்தைப் பார்த்தவர்கள் அசல் பதிவையும் பார்த்துவிடுங்கள். அசலில் இருக்கும் சலிப்பும் நீளமும் படத்தில் இல்லை. உண்மையில் அந்தச் சலிப்பான மணிகள்தான் நிக்சனைத் தளர்த்தின.

விருந்தினர் ஒலிவாங்கியைக் கழற்றிப் போட்டுவிட்டு எழுந்து போனால் யாருக்கு வெற்றி?

யாருக்குமில்லை. ஆனால் அந்தக் காட்சிதான் நிலைக்கிறது. 1982-இல் ராபின் டே, அடுத்த தேர்தலில் நிற்கப்போவதில்லை என்று அறிவித்திருந்த பாதுகாப்பு அமைச்சர் ஜான் நாட்டை, இன்றிருந்து நாளை போகும் அரசியல்வாதி என்று குறிப்பிட்டார். நாட் எழுந்து போனார். இந்தியாவில் 2007 அக்டோபரில், அப்போது குஜராத் முதல்வராக இருந்த நரேந்திர மோடி, 2002 கலவரம் பற்றிய கேள்விகள் தொடர்ந்தபோது சுமார் மூன்று நிமிடங்களில் பேட்டியை முடித்துக்கொண்டார். கேட்டவர் கரண் தாப்பர். அவர் லண்டன் வீக்கெண்ட் தொலைக்காட்சியில் பல ஆண்டுகள் பணியாற்றியவர் என்பதைச் சொன்னால் அவருடைய பாணி எங்கிருந்து வந்தது என்று புரியும்.

பேட்டி எடுப்பவரின் கண்ணோட்டத்தில் அந்த மூன்று நிமிடங்கள் இழப்புதான் என்று நினைக்கிறேன். மிகக் கூர்மையான கேள்வியை முதலிலேயே எடுத்தால், மீதி அரை மணி நேரத்தில் கிடைத்திருக்கக்கூடிய எல்லாமே போய்விடும். ஃபிராஸ்ட் வாட்டர்கேட்டுக்கு வருவதற்கு முன் எத்தனை மணி நேரம் வேறு விஷயங்களைப் பேசினார் என்பதைப் பாருங்கள்.

ஜெயலலிதாவின் பிபிசி பேட்டியில் வென்றது அவர்தானே?

தமிழ்நாட்டில் எந்த அறையில் பேசினாலும் வரும் கேள்வி. 2004-இல், மக்களவைத் தேர்தலில் தமிழகத்தின் 39 இடங்களையும் அதிமுக அணி இழந்திருந்த ஆண்டில், முதல்வர் ஜெயலலிதாவை இதே கரண் தாப்பர் பிபிசியின் ‘ஹார்ட் டாக் இந்தியா’ நிகழ்ச்சிக்காகச் சந்தித்தார். சோதிட நம்பிக்கை, தேர்தல் தோல்விக்குப்பின் தம் அரசின் முடிவுகளை மாற்றிக்கொண்டது என்று அடுக்கினார். ஜெயலலிதா ஒவ்வொன்றுக்கும் திருப்பியடித்தார். உங்களோடு பேசியதில் மகிழ்ச்சி என்று தாப்பர் முடித்தபோது, தமக்கு மகிழ்ச்சி இல்லை என்று சொல்லி வணக்கம் வைத்தார்.

அவருடைய ஆதரவாளர்கள் அதைத் துணிச்சலாகவும் எதிர்ப்பாளர்கள் ஆணவமாகவும் பார்க்கிறார்கள். நான் வேறொன்றைப் பார்க்கிறேன். அவர் கடைசிவரை உட்கார்ந்திருந்தார். எரிச்சலூட்டிய எந்தக் கேள்விக்கும் நாற்காலியை விட்டு எழவில்லை. அதனால் அவருடைய பதில்கள் முழுமையாக நம்மிடம் இருக்கின்றன, பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும். வெற்றி தோல்விக் கணக்கைத் தள்ளிவைத்துவிட்டு, எந்தக் கேள்விக்கு வாதம் வந்தது, எந்தக் கேள்விக்குக் கோபம் மட்டும் வந்தது என்று பிரித்துப் பாருங்கள். அவர் எப்படிப்பட்ட தலைவர் என்பதை அந்தப் பிரிவினை நன்றாகவே காட்டும்.

எழுத்தாளர், கலைஞர் பேட்டிகளில் மோதலே இருக்காதே, அவை எதற்கு?

அங்கே மோதல் தேவையில்லை, ஆர்வம் போதும். பிரான்சில் பெர்னார் பிவோ 1975 முதல் 1990 வரை வெள்ளி இரவுகளில் நடத்திய ‘அபோஸ்த்ரோஃப்’ நிகழ்ச்சி முழுக்க முழுக்கப் புத்தகங்களைப் பற்றியது. அதில் வந்த நூல்களைத் தேடி மறுநாள் மக்கள் கடைகளுக்குப் போனார்கள். முன்தயாரிப்பு இல்லாமல் பேசுவதை வெறுத்த நாவலாசிரியர் நபக்கோவ், தம் முன் புத்தகங்களை அடுக்கி அதற்குப் பின்னால் எழுதிவைத்த பதில்களை வைத்துக்கொண்டார். தேநீர்க் கெண்டியில் விஸ்கி ஊற்றப்பட்டிருந்தது. இன்னும் கொஞ்சம் தேநீர் வேண்டுமா என்று பிவோ அக்கறையோடு கேட்டார். பேட்டிக்கு எதிரான ஒருவரிடமிருந்தும் ஒரு நல்ல பேட்டி கிடைத்ததற்குப் பிவோ எல்லாப் புத்தகங்களையும் உண்மையாகவே படித்துவிட்டு வந்ததுதான் காரணம்.

இன்னொன்று, பிரிட்டனின் நாடகாசிரியர் டென்னிஸ் பாட்டர் 1994-இல் மெல்வின் பிராகிடம் பேசியது. கணையப் புற்றுநோயால் சில மாதங்களே மிச்சமிருந்தன. வலி தாங்க இடையிடையே மார்ஃபின் குடித்துக்கொண்டு பேசினார். தம் சன்னலுக்கு வெளியே பூத்திருந்த பூக்கள் இதுவரை பார்த்ததிலேயே மிக வெண்மையானவையாகத் தெரிகின்றன என்றார். மார்ச்சில் பதிவானது, ஏப்ரலில் ஒளிபரப்பானது, ஜூனில் அவர் இறந்தார். பிராக் மிகக் குறைவாகவே கேட்கிறார். ஒருவர் பேசும்போது எப்போது வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்று கற்க நினைப்பவர்களுக்கு இதைத்தான் காட்டுவேன்.

இவ்வளவு ஆபத்து இருந்தும் ஏன் ஒப்புக்கொள்கிறார்கள்?

தம் பேச்சால் சமாளித்துவிடலாம் என்ற நம்பிக்கை. 2019 நவம்பரில் பிரிட்டன் இளவரசராக இருந்த ஆண்ட்ரூ, பாலியல் குற்றவாளி ஜெஃப்ரி எப்ஸ்டீனுடனான தம் நட்பைப் பற்றிய பேச்சுக்கு முடிவு கட்டவே பக்கிங்காம் அரண்மனையில் பிபிசியின் எமிலி மெய்ட்லிஸுக்குப் பேட்டி கொடுத்தார். ஒளிபரப்பான நான்காவது நாள் பொதுக் கடமைகளிலிருந்து விலக நேர்ந்தது. மெய்ட்லிஸ் ஒரு முறைகூடக் குரலை உயர்த்தவில்லை. அமைதியாகக் கேட்டு, அவர் பேசி முடிக்கும் வரை காத்திருந்தார்.

டயானா பேட்டி பொய் சொல்லி வாங்கப்பட்டது என்கிறார்கள். ஆனால் அவர் சொன்னது உண்மைதானே? அப்புறம் என்ன?

இதுதான் எனக்கு மிகக் கடினமான கேள்வி. 1995 நவம்பரில் பிபிசியின் ‘பனோரமா’வில் மார்ட்டின் பஷீருக்கு டயானா அளித்த பேட்டியைப் பிரிட்டனில் மட்டும் 2 கோடிக்கு மேற்பட்டோர் பார்த்தார்கள். டயானாவின் சகோதரரின் நம்பிக்கையைப் பெற்று அவர் வழியாக டயானாவை அடைய, பஷீர் போலி வங்கிக் கணக்கு ஆவணங்களைத் தயாரித்துக் காட்டியிருந்தார். பிபிசி 1996-இல் நடத்திய உள்விசாரணை அதை மூடிவிட்டது. 2021-இல் முன்னாள் நீதிபதி டைசன் பிரபுவின் அறிக்கை உண்மையை வெளிக்கொண்டுவந்தது. பிபிசி மன்னிப்புக் கேட்டது, விருதுகளைத் திருப்பிக் கொடுத்தது, இனி அதை ஒளிபரப்புவதில்லை என்றும் அறிவித்தது.

அவர் சொன்னவை அவருடைய சொற்களே, யாரும் வாயில் திணிக்கவில்லை. ஆனால் எந்த மனநிலையில் சொன்னார்? தம்மைச் சுற்றியிருப்பவர்கள் துரோகம் செய்கிறார்கள் என்ற அச்சத்தை வளர்த்ததில் அந்தப் போலி ஆவணங்களுக்கும் பங்கு இருந்தால், பதில்களின் நிறமே மாறுகிறது. நிக்சனுக்குப் பணம் கொடுத்தது ஊருக்கே தெரியும், அதனால் பார்ப்பவர் தாமே எடைபோடலாம். இங்கே அந்த வாய்ப்பு 25 ஆண்டுகள் மறுக்கப்பட்டது. என் கணக்கில் இது அதைவிடப் பெரிய தவறு.

கேள்வி கேட்டவரே தவறு செய்தவர் என்று தெரிந்தால் அவர் எடுத்த பழைய பேட்டிகளைப் பார்க்கலாமா?

அமெரிக்காவில் கறுப்புப் பின்னணியும் வட்ட மேசையுமாக 1991 முதல் பேட்டி எடுத்துவந்த சார்லி ரோஸை மனத்தில் வைத்துக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். பல பெண்கள் பாலியல் தொல்லைக் குற்றச்சாட்டுகளை வெளிப்படுத்தியதால் 2017-இல் அந்த நிகழ்ச்சி நிறுத்தப்பட்டது. அந்த மேசையில் பேசிய விருந்தினர்களின் சொற்கள் அவர்களுக்கே உரியவை. அவற்றைப் பார்க்கலாம். ஆனால் அவரைக் கொண்டாடும் தொகுப்புகளாகப் பார்க்க வேண்டாம்.

சர்வாதிகாரிக்கும் பயங்கரவாதிக்கும் மேடை கொடுக்கலாமா?

துணைக்கேள்வி கேட்க உரிமை இருந்தால் கொடுக்கலாம், இல்லையென்றால் வேண்டாம். கேள்விகளை முன்கூட்டிக் கொடுப்பது பற்றி மேலே சொன்ன மூன்று எடுத்துக்காட்டுகளையும் மீண்டும் பாருங்கள், வேறுபாடு அங்கேயே தெரியும்.

இப்போது யூடியூபில் மூன்று மணி நேரம் பேசுகிறார்களே, அதைவிட ஆழம் உண்டா?

நீளமும் ஆழமும் வேறு வேறு. 2024 பிப்ரவரியில் அமெரிக்கத் தொகுப்பாளர் டக்கர் கார்ல்சன் இணையத்துக்காக ரஷ்ய அதிபர் விளாதிமிர் புதினைச் சந்தித்த பேட்டி இரண்டு மணி நேரம் ஓடியது. தொடக்கத்தில் ஏறத்தாழ அரை மணி நேரம் புதின் வரலாற்றுப் பாடம் நடத்தினார். கடுமையான கேள்விகளை எதிர்பார்த்ததாகவும் அவை வரவில்லை என்றும் பின்னர் புதினே சொன்னார். பிபிசியின் ‘ஹார்ட் டாக்’ அரை மணி நேரத்துக்குள் அதைவிட அதிகம் எடுத்திருக்கும். ஏனெனில் ஒவ்வொரு பேட்டிக்கும் முன்னால் ஒரு குழு நாள்கணக்கில் படித்தது.

அந்த ‘ஹார்ட் டாக்’ 1997-இல் தொடங்கி, சிக்கன நடவடிக்கையில் 2025 மார்ச்சோடு நிறுத்தப்பட்டது. இது எனக்குப் பெரிய வருத்தம். ஆய்வுக் குழுவுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும், தனியாக உரையாடுபவருக்கு அந்தச் செலவு இல்லை. விருந்தினர்களும் தம்மை எதிர்த்துக் கேட்காத இடத்தையே தேடிப் போகிறார்கள். தனியாகப் பேட்டி எடுப்பவர்களிலும் படித்துவிட்டு வருபவர்கள் உண்டு. அவர்களை முதல் ஐந்து நிமிடங்களிலேயே அடையாளம் காணலாம்: விருந்தினர் சொன்ன ஒரு தேதியையோ எண்ணையோ அவர்கள் மறுத்துக் கேட்பார்கள்.

நான் புதிது. எதிலிருந்து பார்க்கத் தொடங்குவது?

முதலில் காவுஸ், ஆரெண்ட் உரையாடல். வசன வரிகளோடு இணையத்தில் கிடைக்கிறது. அடுத்து வால்டன், தாட்சர். பிறகு நிக்சனின் வாட்டர்கேட் பகுதி. ஜெயலலிதா பேட்டியை ஏற்கெனவே துண்டு துண்டாகப் பார்த்திருப்பீர்கள், இந்த முறை முழுதாகப் பாருங்கள். பாட்டரைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள், அதைப் பார்த்தபின் உடனே வேறெதையும் பார்க்கத் தோன்றாது.

பார்க்கும்போது ஒரு தாளில் கேள்விகளை மட்டும் வரிசையாக எழுதுங்கள். எந்தக் கேள்வி வீட்டிலிருந்தே எழுதிக்கொண்டு வந்தது, எது அந்தக் கணத்தில் பதிலிலிருந்து பிறந்தது என்று பக்கத்தில் குறியுங்கள். காவுஸில் இரண்டாவது வகை நிறைய வரும். ஊரில் நடக்கும் எந்தப் பேட்டிக்கும் இதைச் செய்து பார்க்கலாம், பத்து நிமிடங்களில் பழகிவிடும்.